எஸ், வி-க்குப் பிறகு வருவது ஓ-வா, சி-யா, ஏ-வா? எப்படிப் பிரிப்பது?

வைகைக்கரை:

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவனுக்கு ஆங்கில சென்டென்ஸ் பேட்டர்ன் சொல்லித்தர வேண்டும். எஸ் (சப்ஜெக்ட்), வி (வெர்ப்) வரை சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு வருவது ஆப்ஜெக்டா (ஓ), காம்ப்ளிமென்டா (சி), அட்ஜங்டா (ஏ) என்பதில்தான் இடிக்கிறது. 'வெர்பைப் பார்த்து என்ன, யாரை என்று கேள், பதில் வந்தால் ஆப்ஜெக்ட்' என்ற விதி பாதி இடத்தில் காலை வாருகிறது. இரண்டு கைடுகளை வைத்துப் பார்த்தால் சில வாக்கியங்களுக்கு இரண்டும் வேறு வேறு விடை தருகின்றன. இழுபறியானவை இவை:

1. ஷீ லுக்ஸ் ஹாப்பி.
2. ஹீ வென்ட் டு சென்னை.
3. ஃபாதர் பாட் மீ எ சைக்கிள்.
4. தே மேட் ஹிம் கேப்டன்.
5. த பாய் இஸ் இன் த லைப்ரரி.
6. ஹீ வாக்ஸ் எவ்ரி மார்னிங்.

இரண்டாவதில் 'சென்னைக்கு' என்று வருவதால் அது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்தானே என்கிறான் பையன். ஆறாவதில் 'எவ்ரி மார்னிங்' நவுன்தானே, பிறகு ஏன் ஆப்ஜெக்ட் இல்லை என்கிறான். விடையை மட்டும் சொல்லாமல், எந்த வாக்கியம் வந்தாலும் போட்டுப் பார்க்கிற மாதிரி சோதனை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

---

கரும்பலகை:

ஆறாவது வாக்கியத்தைப் பற்றி பையன் கேட்ட கேள்வியில்தான் எல்லா முடிச்சும் இருக்கிறது. அதை முதலில் அவிழ்த்துவிடுங்கள்.

நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்பதெல்லாம் சொல்லின் வகை. சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்ட் என்பதெல்லாம் அந்தச் சொல் அந்த வாக்கியத்தில் பார்க்கிற வேலை. 'டீச்சர்' என்றைக்கும் நவுன்தான். ஆனால் 'த டீச்சர் கேம்' என்பதில் அது சப்ஜெக்ட், 'ஐ மெட் த டீச்சர்' என்பதில் ஆப்ஜெக்ட், 'ஷீ இஸ் எ டீச்சர்' என்பதில் காம்ப்ளிமென்ட், 'ஐ கேவ் த டீச்சர் எ பென்' என்பதில் இன்டைரக்ட் ஆப்ஜெக்ட். வகை ஒன்று, வேலை நான்கு. 'நவுன் வந்தால் ஆப்ஜெக்ட்' என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதை முதலில் அழித்துவிடுங்கள். எந்த வேலை என்பதை வெர்ப்தான் முடிவு செய்கிறது. அதனால் எப்போதும் வெர்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெர்பைக் கண்டுபிடிக்க: வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். 'டுடே' என்பதை 'யெஸ்டர்டே' ஆக்கினால் எந்தச் சொல் உருமாறுகிறதோ அங்கே வி இருக்கிறது. துணை வினைகளையும் சேர்த்து ஒரே வி-யாக எழுத வேண்டும். 'ஷீ ஹாஸ் பீன் வெயிட்டிங்' என்பதில் 'ஹாஸ் பீன் வெயிட்டிங்' மூன்று சொல்லும் சேர்ந்து ஒரு வி. நடுவில் 'ஆல்வேஸ்', 'ஆஃபன்' மாதிரி ஏதாவது நுழைந்திருந்தால் அது வி-யில் சேராது. அது தனி ஏ.

சப்ஜெக்டில் சிக்கல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீளமான சப்ஜெக்ட் வரும்போது சிக்கல் வரும். 'த பாய் ஹூ இஸ் வெயிட்டிங் அவுட்சைட் இஸ் மை கசின்'. இதைக் கேள்வியாக மாற்றுங்கள்: 'இஸ் த பாய் ஹூ இஸ் வெயிட்டிங் அவுட்சைட் மை கசின்?' முன்னால் போன 'இஸ்' எத்தனை சொல்லைத் தாண்டிப் போனதோ அவ்வளவும் எஸ். இங்கே 'த பாய்' முதல் 'அவுட்சைட்' வரை ஆறு சொல். அதற்குள் இருக்கும் முதல் 'இஸ்'ஸைப் பிடித்துக்கொண்டு வி என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய.

இனி ஓ-வும் சி-யும். 'ஹீ மெட் எ டாக்டர்', 'ஹீ பிகேம் எ டாக்டர்' இரண்டிலும் 'யாரை, என்ன' என்று கேட்டால் 'எ டாக்டர்' என்றே பதில் வரும். உங்கள் விதி காலை வாருவது இங்கேதான். ஆகவே இன்னொரு கேள்வி சேர்க்க வேண்டும்: பதிலாக வந்தது சப்ஜெக்டேதானா, வேறு ஆளா? 'மெட்' என்றால் இரண்டு ஆள், எனவே ஓ. 'பிகேம்' என்றால் ஒரே ஆள், எனவே சி. இதையே இயந்திரம் போலச் செய்ய வேண்டுமென்றால், வெர்பை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' போடுங்கள். 'ஷீ லுக்ஸ் ஹாப்பி' என்பது 'ஷீ இஸ் ஹாப்பி' ஆகும். அர்த்தம் கொஞ்சம் நகர்ந்தாலும் வாக்கியம் நிற்கிறது. எனவே முதல் வாக்கியம் எஸ்-வி-சி.

பேசிவ் சோதனையும் உதவும். ஓ என்றால் பேசிவில் முன்னால் வந்து சப்ஜெக்டாக உட்காரும்: 'எ டாக்டர் வாஸ் மெட் பை ஹிம்'. 'எ டாக்டர் வாஸ் பிகம் பை ஹிம்' என்று உலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இதை மட்டுமே நம்பாதீர்கள். 'ஐ ஹாவ் எ கார்', 'ஷீ ரிசெம்பிள்ஸ் ஹெர் மதர்' இரண்டும் எஸ்-வி-ஓ, ஆனால் பேசிவுக்குப் போகாது. அங்கே 'ஒரே ஆளா, வேறு ஆளா' என்ற கேள்விதான் கைகொடுக்கும்.

'சி எடுக்கும் வெர்ப்' என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரே வெர்ப் மூன்று வேடம் போடும். 'டர்ன்' எடுத்துக்கொள்ளுங்கள்:

ஹீ / டர்ன்ட் / பேல். (முகம் வெளிறியது: எஸ்-வி-சி)
ஹீ / டர்ன்ட் / த பேஜ். (பக்கத்தைப் புரட்டினான்: எஸ்-வி-ஓ)
ஹீ / டர்ன்ட் / லெஃப்ட். (இடப்பக்கம் திரும்பினான்: எஸ்-வி-ஏ)

'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'ஃபீல்', 'க்ரோ', 'கெட்', 'கீப்' எல்லாம் இதே ரகம். 'த குக் டேஸ்டட் த சூப்' என்றால் ஓ. 'த சூப் டேஸ்டட் சால்ட்டி' என்றால் சி.

தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் தனியாக ஒரு தவறு செய்வார்கள். 'ஷீ லுக்ஸ் ஹாப்பிலி', 'த மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி' என்று எழுதுவார்கள். காரணம் நம் '-ஆக'. 'அழகாக இருக்கிறாள்', 'அழகாகப் பாடுகிறாள்' இரண்டிலும் நமக்கு ஒரே 'அழகாக'. ஆங்கிலத்தில் முதலாவது சி, அட்ஜெக்டிவ் வேண்டும்: 'பியூட்டிஃபுல்'. இரண்டாவது ஏ, அட்வெர்ப் வேண்டும்: 'பியூட்டிஃபுலி'. '-ஆக'வுக்குப் பிறகு தமிழில் 'இருக்கிறது', 'தெரிகிறது', 'ஆனது' வந்தால் அட்ஜெக்டிவ்; ஒரு செயல் வந்தால் அட்வெர்ப். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பேட்டர்ன் கேள்வியோடு கட்டுரையிலும் தவறு குறையும்.

---

சொல்லேர்:

கரும்பலகை சொன்னதில் ஒரு சின்ன ஓட்டை. 'ஹீ கட் ஹிம்செல்ஃப்'. இங்கே வெட்டியவனும் அவனே, வெட்டுப்பட்டவனும் அவனே. 'ஒரே ஆள் என்றால் சி' என்று பையன் எழுதிவிடுவான். இது எஸ்-வி-ஓ. அந்த இடத்தில் 'த ரோப்' போட்டுப் பாருங்கள், 'ஹீ கட் த ரோப்' கச்சிதமாகப் பொருந்துகிறது. வேறொரு பொருளை மாற்றி வைக்க முடிந்தால் அது ஆப்ஜெக்டின் இடம். '-செல்ஃப்' வந்தாலே இந்தச் சோதனையைப் போடுங்கள்.

நான் மூன்றாவதையும் இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

'ஃபாதர் / பாட் / மீ / எ சைக்கிள்' என்பது எஸ்-வி-ஐஓ-டிஓ. எதை வாங்கினார்? சைக்கிளை. அது டிஓ, அதாவது டைரக்ட் ஆப்ஜெக்ட். யாருக்கு? எனக்கு. அது ஐஓ, அதாவது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட். வரிசையில் ஐஓ முன்னால், டிஓ பின்னால். இதைப் புரட்டினால் முன்னிடைச் சொல் (ப்ரெபொசிஷன்) கட்டாயம்: 'பாட் எ சைக்கிள் ஃபார் மீ'. புரட்டிய வடிவத்தில் 'ஃபார் மீ'யை ஐஓ என்றே குறிக்கும் பழைய பள்ளி மரபும் உண்டு, ப்ரெபொசிஷன் வந்துவிட்டதால் ஏ என்று குறிக்கும் மரபும் உண்டு. உங்கள் இரண்டு கைடும் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கும். வகுப்பு ஆசிரியர் எதைப் பின்பற்றுகிறாரோ அதையே எழுதச் சொல்லுங்கள்.

புரட்டும்போது 'டு'வா 'ஃபார்'ஆ என்பதும் வெர்பைப் பொறுத்தது. பொருள் ஏற்கெனவே கையில் இருந்து கைமாறினால் 'டு': கிவ், சென்ட், லென்ட், ஷோ, பாஸ், ஹேண்ட். ஒருவருக்காக முதலில் ஒன்றை வாங்கவோ செய்யவோ தேடவோ வேண்டியிருந்தால் 'ஃபார்': பை, மேக், குக், ஃபைண்ட், ஃபெட்ச்.

எல்லா வெர்பும் ஐஓ ஏற்காது. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ த ரூல்', 'சஜஸ்ட் மீ எ குட் புக்' இரண்டும் நம் ஊரில் தினமும் காதில் விழும், இரண்டும் தவறு. 'எக்ஸ்ப்ளெய்ன் த ரூல் டு மீ', 'சஜஸ்ட் எ குட் புக் டு மீ' என்றே வர வேண்டும். 'சே', 'டிஸ்க்ரைப்', 'இன்ட்ரட்யூஸ்', 'அனௌன்ஸ்' இவையும் அப்படியே. 'டெல் மீ' சரி, 'சே மீ' தவறு.

இப்போது 'சென்னைக்கு'. நான்காம் வேற்றுமை 'கு' ஒன்றுக்கே கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை, எல்லை என்று தமிழ்ப் பாடத்தில் பொருள் படித்திருப்பான். ஐஓ-வுக்குப் பொருந்துவது பெரும்பாலும் கொடைப்பொருள். 'முல்லைக்குத் தேர் கொடுத்தான்' மாதிரி: கொடுத்தவர், கொடுத்த பொருள், பெற்றவர் என மூன்று தரப்பு வேண்டும். 'ஹீ வென்ட் டு சென்னை' என்பதில் கொடுத்த பொருளே இல்லை. டிஓ இல்லாத இடத்தில் ஐஓ-வைத் தேடக் கூடாது. 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில், எனவே எஸ்-வி-ஏ.

டிஓ இருந்தாலும் இடம் ஐஓ ஆகாது. 'ஐ சென்ட் எ பார்சல் டு சென்னை' என்பதை 'ஐ சென்ட் சென்னை எ பார்சல்' என்று புரட்ட முடியாது. 'ஐ சென்ட் எ பார்சல் டு மை சிஸ்டர்' என்பதை 'ஐ சென்ட் மை சிஸ்டர் எ பார்சல்' என்று புரட்டலாம். பெறுகிற ஆளாக இருந்தால்தான் ஐஓ. சென்னை என்பது ஒரு அலுவலகத்தின் சென்னைக் கிளையைக் குறித்தால் மட்டும் புரட்டலாம், அப்போது அதுவும் ஆள் மாதிரிதான்.

'கு'வைப் பார்த்து ஏமாறுகிற இன்னொரு இடம்: 'எனக்குத் தமிழ் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு இரண்டு தங்கைகள்'. மூன்றிலும் ஆங்கிலத்தில் 'ஐ' சப்ஜெக்டாகிவிடும்: 'ஐ நோ தமிழ்' எஸ்-வி-ஓ, 'ஐ ஆம் ஹங்கிரி' எஸ்-வி-சி, 'ஐ ஹாவ் டூ சிஸ்டர்ஸ்' எஸ்-வி-ஓ. தமிழில் ஒரே 'எனக்கு', அங்கே மூன்று வெர்ப். தமிழ் உருபைப் பார்த்து ஆங்கில லேபிள் ஒட்டுவது அதனால்தான் சரிப்படாது.

---

பென்சில்முனை:

ஏ-வை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் இருப்பதிலேயே குழப்பமானது.

வழக்கமான சோதனை: எடுத்துப் பார். எடுத்த பிறகும் வாக்கியம் முழுமையாக நின்றால் ஏ. 'ஹீ வாக்ஸ்' நிற்கிறது, எனவே 'எவ்ரி மார்னிங்' ஏ. இன்னும் உறுதி வேண்டுமென்றால் அந்த இடத்தில் 'இட்' போடுங்கள். 'ஹீ வேஸ்டட் எவ்ரி மார்னிங்' என்பது 'ஹீ வேஸ்டட் இட்' ஆகும், அங்கே அதே 'எவ்ரி மார்னிங்' ஆப்ஜெக்ட். 'ஹீ வாக்ஸ் இட்' என்றால் அந்த அர்த்தமே வராது. 'வென்' என்று கேட்டால் பதில் வருகிறதா, 'வாட்' என்று கேட்டால் வருகிறதா என்று பார்ப்பதும் இதே சோதனைதான்.

ஐந்தாவது வாக்கியத்தில் இந்தச் சோதனை படுத்துவிடும். 'இன் த லைப்ரரி'யை எடுத்தால் மிஞ்சுவது 'த பாய் இஸ்', அந்தரத்தில் தொங்குகிறது. எடுக்க முடியாதது எப்படி அட்ஜங்ட் ஆகும் என்று ஒரு கைடு சி போட்டிருக்கும். இடத்தைக் குறிக்கிறதே என்று இன்னொரு கைடு ஏ போட்டிருக்கும். இது கைடுக்காரர்களின் கவனக்குறைவு மட்டும் இல்லை, இலக்கண அறிஞர்களே இரண்டு பக்கம் நிற்கிற விஷயம். 1985-ல் வந்த குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரின் பெரிய இலக்கணம் ஏழு அடிப்படை அமைப்புகளைச் சொல்கிறது: எஸ்-வி, எஸ்-வி-ஓ, எஸ்-வி-சி, எஸ்-வி-ஏ, எஸ்-வி-ஓ-ஓ, எஸ்-வி-ஓ-சி, எஸ்-வி-ஓ-ஏ. அதாவது ஏ என்பதிலேயே விடக்கூடியது, விடக்கூடாதது என்று இரண்டு உண்டு என்பது அவர்கள் கணக்கு. 2002-ல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணம் விடக்கூடாததை எல்லாம் காம்ப்ளிமென்ட் பக்கம் தள்ளிவிடுகிறது. ஜப்பான் பள்ளிகளில் ஐந்தே அமைப்புதான், அங்கே ஏ கணக்கிலேயே வராது.

நம் தேர்வுக்கு ஒரே வழி: எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால் ஏ. எடுக்க முடிகிறதா என்று பார்க்கவே வேண்டாம். 'த பாய் இஸ் இன் த லைப்ரரி' எஸ்-வி-ஏ. 'ஹீ புட் த கீஸ் ஆன் த டேபிள்' எஸ்-வி-ஓ-ஏ, அங்கேயும் 'ஆன் த டேபிள்' இல்லாமல் 'புட்' நிற்காது. கவலை வேண்டாம், ஏ-தான்.

ஆனால் 'இன் த லைப்ரரி' வந்தாலே ஏ என்று கோடு போட்டுவிடக் கூடாது. 'த பாய் இன் த லைப்ரரி இஸ் மை பிரதர்' என்பதில் அது எந்தப் பையன் என்று அடையாளம் காட்டுகிறது, எஸ்-க்குள் அடங்கிவிட்டது. முழுவதையும் 'ஹீ' என்று மாற்றிப் பாருங்கள்: 'ஹீ இஸ் மை பிரதர்'. ப்ரோநவுன் விழுங்கிவிட்டதெல்லாம் ஒரே துண்டு. 'ஷீ ஹிட் த மேன் வித் த அம்ப்ரெல்லா' இதில் இரண்டு விதமாகவும் பிரியும். குடை அவள் கையில் இருந்தால் 'ஷீ ஹிட் ஹிம் வித் த அம்ப்ரெல்லா', எஸ்-வி-ஓ-ஏ. குடை வைத்திருந்தவனை அவள் அடித்தாள் என்றால் 'ஷீ ஹிட் ஹிம்', வெறும் எஸ்-வி-ஓ.

---

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. நான்காவது மட்டும் பாக்கி. அதோடு கைடில் இருந்து இன்னும் சில:

'ஐ ஃபவுண்ட் த புக் ஈஸி' என்பதற்கு எஸ்-வி-ஓ-ஏ என்று போட்டிருக்கிறது, சரியா? 'ஷீ டர்ன்ட் ஆஃப் த லைட்' என்பதில் 'ஆஃப் த லைட்' சேர்ந்து ஏ-வா? 'தேர் இஸ் எ க்ளாக் ஆன் த வால்' என்பதில் சப்ஜெக்ட் எது? 'ஐ வான்ட் ஹிம் டு கோ' எப்படிப் பிரியும்?

---

கரும்பலகை:

கைடு தவறு. 'ஐ ஃபவுண்ட் த புக் ஈஸி' எஸ்-வி-ஓ-சி. 'ஈஸிலி' என்று இருந்தால்தான் ஏ. இரண்டுக்கும் அர்த்தமே வேறு: 'ஈஸி' என்றால் புத்தகம் எளிதாக இருந்தது, 'ஈஸிலி' என்றால் புத்தகத்தைச் சிரமமில்லாமல் தேடி எடுத்தேன்.

சோதனை: ஓ-வையும் அதற்குப் பின்னால் வருவதையும் தனியாக எடுத்து நடுவில் 'இஸ்' செருகுங்கள். 'த புக் இஸ் ஈஸி' பொருந்துகிறது, எனவே சி. உங்கள் நான்காவது வாக்கியத்துக்கும் இதுவே. 'தே மேட் ஹிம் கேப்டன்': அவன்தான் கேப்டன். எனவே எஸ்-வி-ஓ-சி. 'தே மேட் ஹிம் டீ' என்றால் அவன் தேநீர் ஆகிவிடவில்லை, எனவே எஸ்-வி-ஐஓ-டிஓ. 'கால் மீ எ டாக்ஸி' என்றவரிடம் 'சரி, இன்று முதல் நீங்கள் ஒரு டாக்ஸி' என்று பதில் சொல்லும் பழைய நகைச்சுவை இந்த இரண்டு அமைப்பையும் வேண்டுமென்றே குழப்புவதுதான். வகுப்பில் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

எஸ்-வி-ஓ-சி-யில் இன்னொரு தவறு. 'அவனைப் பொய்யன் என்று அழைத்தார்கள்' என்பதை 'தே கால்ட் ஹிம் அஸ் எ லயர்' என்று எழுதுவது. நம் 'என்று' போய் அங்கே 'அஸ்' ஆக உட்கார்ந்துவிடுகிறது. 'கால்', 'மேக்' இவற்றுக்கு 'அஸ்' கூடாது. 'ரிகார்ட்' என்பதற்குக் கட்டாயம் வேண்டும். 'அப்பாயின்ட்', 'எலெக்ட்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.

'டர்ன்ட் ஆஃப்' ஒரே வி. 'லைட்'டை 'இட்' ஆக்கினால் 'ஷீ டர்ன்ட் இட் ஆஃப்' என்று வருகிறது. 'ஆஃப்' நகர்ந்து பின்னால் போனதே அது வெர்போடு சேர்ந்தது என்பதற்குச் சாட்சி. எனவே எஸ்-வி-ஓ. 'ஹீ ரேன் அப் த ஹில்' என்பதில் 'ஹீ ரேன் இட் அப்' வராது, 'அப் த ஹில்' சேர்ந்து ஏ. 'ஷீ லுக்ட் ஆஃப்டர் த சைல்ட்' மாதிரி நகராத ப்ரெபொசிஷனும் உண்டு. அதற்கு பேசிவ் போட்டுப் பாருங்கள்: 'த சைல்ட் வாஸ் லுக்ட் ஆஃப்டர்' சரியாக வருகிறது, எனவே 'லுக்ட் ஆஃப்டர்' வி, 'த சைல்ட்' ஓ.

'தேர்' விஷயம் கொஞ்சம் வில்லங்கம். டேக் கேள்வி 'இஸ்ன்ட் தேர்?' என்று முடிவதால் சப்ஜெக்ட் இருக்கையில் உட்கார்ந்திருப்பது 'தேர்'. ஆனால் 'தேர் ஆர் டூ க்ளாக்ஸ்' என்று வெர்ப் ஒருமை பன்மை மாறுவது க்ளாக்கைப் பார்த்து. பேட்டர்ன் கேள்வியில் இந்த வகை வந்தால் பாடப்புத்தகம் எப்படிக் குறித்திருக்கிறதோ அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு.

'ஐ / வான்ட் / ஹிம் / டு கோ': பள்ளிக் கணக்கில் எஸ்-வி-ஓ-சி. இதை 'ஐ வான்ட் தட் ஹீ ஷுட் கோ' என்று எழுதுவதுதான் தவறு, 'வான்ட்' அப்படி ஒரு 'தட்'டை ஏற்காது. 'ஐ நோ தட் ஹீ இஸ் ஹானஸ்ட்' சரி, அங்கே 'தட்' முதல் 'ஹானஸ்ட்' வரை மொத்தமும் ஒரே ஓ. உள்ளே புகுந்து மறுபடி எஸ்-வி-சி என்று பிரிக்கத் தேவையில்லை.

---

சொல்லேர்:

பிரிப்பதோடு நிறுத்தாமல் எழுதவும் வைப்பீர்கள் என்றால், வரிசை பற்றி ஒன்று. 'அவர் நேற்று கூட்டத்தில் நன்றாகப் பேசினார்': காலம், இடம், விதம், வினை. ஆங்கிலத்தில் வழக்கமான வரிசை அப்படியே கண்ணாடியில் திரும்பித் தெரிவது போல: 'ஹீ ஸ்போக் வெல் அட் த மீட்டிங் யெஸ்டர்டே', வினை, விதம், இடம், காலம். தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்தால் ஆங்கில வரிசை வந்துவிடும், எழுவாயை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டால் போதும். காலத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'யெஸ்டர்டே'யை வாக்கியத் தொடக்கத்துக்கு நகர்த்தலாம், அப்போது ஏ-எஸ்-வி என்று தொடங்கும்.

வி-க்கும் ஓ-வுக்கும் நடுவில் ஏ நுழையக் கூடாது. 'ஷீ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலிஷ்', 'ஐ லைக் வெரி மச் காஃபி' இரண்டும் தவறு. ஏ கடைசிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, வி இல்லாமல் எழுதுவது. 'மை பிரதர் வெரி டால்'. தமிழில் 'என் அண்ணன் நல்ல உயரம்' முழு வாக்கியம், பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கும். ஆங்கிலத்தில் வினை இல்லாத சாதாரண வாக்கியம் இல்லை, 'இஸ்' வர வேண்டும். அதைத் திருத்தச் சொன்னால் சில பிள்ளைகள் எதிர்ப்பக்கம் போய் 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று எல்லா இடத்திலும் 'ஆம்' போட ஆரம்பிப்பார்கள். செயலைக் குறிக்கும் வெர்ப் ஏற்கெனவே இருந்தால் 'ஆம்' வேண்டாம், வந்தால் வெர்ப் 'கோயிங்' ஆக வேண்டும்.

எழுவாயை விடுவதும் அப்படித்தான். 'நேற்று வந்தேன்' என்றால் நமக்கு 'ஏன்' விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ஆங்கில 'கேம்' யாரையும் காட்டாது. 'மழை பெய்கிறது' என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்', அந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை, எஸ் இருக்கையை நிரப்ப வந்தது. பேட்டர்ன் எஸ்-வி.

---

வைகைக்கரை:

ஒரு நீள வாக்கியம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். அவன் போட்டது:

லாஸ்ட் வீக் / த பிரின்சிபல் / அப்பாயின்ட்டட் / மை கிளாஸ் டீச்சர் / ஹெட் / ஆஃப் த லைப்ரரி கமிட்டி.

ஏ-எஸ்-வி-ஐஓ-டிஓ-ஏ என்று எழுதியிருக்கிறான். எங்கே தவறு?

---

பென்சில்முனை:

முதல் மூன்றும் சரி. 'மை கிளாஸ் டீச்சர்', 'ஹெட்' இரண்டுக்கும் நடுவில் 'இஸ்' செருகச் சொல்லுங்கள்: 'மை கிளாஸ் டீச்சர் இஸ் ஹெட் ஆஃப் த லைப்ரரி கமிட்டி'. பொருந்துகிறது, எனவே ஓ-சி. ஆசிரியருக்கு 'ஹெட்' என்று ஒரு பொருளை எடுத்துக் கொடுக்கவில்லை, ஐஓ இல்லை.

'ஆஃப் த லைப்ரரி கமிட்டி'யைத் தனித் துண்டாக வெட்டியது இன்னொரு தவறு. எங்கே, எப்போது, எப்படி, ஏன் எதற்கும் அது பதில் இல்லை. எதன் தலைவர் என்று சொல்கிறது, 'ஹெட்'டுக்குள்ளேயே அடங்கும். 'ஆஃப்' என்று தொடங்கும் துண்டைப் பெரும்பாலும் முன்னால் இருக்கும் நவுனோடு ஒட்டியே வைக்க வேண்டும். கோட்டை ஒரு இடத்தில் அதிகமாகப் போட்டதால்தான் கடைசியில் இல்லாத ஒரு ஏ முளைத்திருக்கிறது. விடை: ஏ-எஸ்-வி-ஓ-சி, நான்கே கோடு.

அடுத்து இதையே பேசிவில் கொடுத்துப் பாருங்கள்: 'மை கிளாஸ் டீச்சர் வாஸ் அப்பாயின்ட்டட் ஹெட் ஆஃப் த லைப்ரரி கமிட்டி லாஸ்ட் வீக்'. ஓ முன்னால் போய் எஸ் ஆகிவிடும், 'ஹெட் ஆஃப் த லைப்ரரி கமிட்டி' சி-யாகவே நிற்கும்: எஸ்-வி-சி-ஏ. இதில் 'ஹெட்'டை ஓ என்று எழுதினான் என்றால் கரும்பலகை சொன்ன 'ஒரே ஆளா, வேறு ஆளா' சோதனையை இன்னொரு முறை செய்ய வைக்க வேண்டும்.